எண்ணக் கூடாத தலைகள்

டாக்ஸித் தொழிலில் பெரியவர்களுக்கு மட்டும்தான் தலை உண்டு, பிள்ளைகளுக்குக் கிடையாது. திண்டிவனம் ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். "எத்தினி பேருங்க?" என்று கேட்டால் "அஞ்சு பேருதாம்பா" என்பார்கள். வீட்டு வாசலில் போய் நின்றால் அந்த ஐந்து பேருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நிற்கும். வாடகைக் கார் ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் இங்கே ஒரு பெருமூச்சு விடுவீர்கள். அந்தப் பெருமூச்சு எனக்கும் பழக்கம்தான்.

கண் படும்

எண்பதுகளின் தொடக்கத்தில் வளவனூருக்கு ஒரு நிச்சயதார்த்தச் சவாரி. பெரியவர்கள் ஆறு பேர். பழத்தட்டு, பூக்கூடை எல்லாம் ஏறியபிறகு மிச்சமிருந்த சந்து பொந்துகளில் பிள்ளைகளைத் திணித்தார்கள். கியருக்குப் பக்கத்தில் ஒன்று, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் நின்றபடி இரண்டு, மடிக்கு ஒன்று. வண்டி தாங்குமா என்று பார்க்க நான் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

பெண்ணுக்குப் பெரியம்மா ஒருவர் விறுவிறுவென்று வந்து என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகளை எண்ணித் தட்டு போட மாட்டார்கள், ஒரு அடுக்கைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதனால் விரலை மடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்: "புள்ளைங்கள மட்டும் எண்ணாதீங்க டிரைவரு, கண்ணு பட்டுடும்."

ஆட்டுக் கணக்கு

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பெருமுக்கல் மலைக்கோயிலில் ஒரு காதுகுத்து. திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரின் குடும்பம். திரும்பும்போது வெயில் தாங்காமல் பிள்ளைகள் அழுதார்கள். மளிகைக் கடைக்காரர் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஜமுக்காளத்தை விரித்து, காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சில பிள்ளைகளை உட்கார வைத்தார். மூடி ஆடாமல் இருக்க அதைக் கயிறு போட்டு நன்றாக இழுத்துக் கட்டினார். பிள்ளைகளைக் கட்டவில்லை. இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பத்திரமா உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன். இதற்கு மேல் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மூடி திறந்திருந்ததால் கண்ணாடியில் வெறும் தகரம்தான் தெரிந்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். விளையாட்டு என்று நினைத்தோம். நாலு மைல் தள்ளி சோடாக் கடையில் நிறுத்தியபோதுதான் மளிகைக் கடைக்காரரின் மனைவி "செல்வி எங்க?" என்று கேட்டார். செல்விக்கு ஆறு வயசு. டிக்கியில் இருந்த சின்னப் பையன், "அக்கா அப்பவே குதிச்சிட்டா" என்றான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். எதிரே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றின மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் செல்வி கிடந்தாள். யாரோ ஒரு களை எடுக்கிற அம்மாள் தன் முந்தானையைச் சுருட்டி அவள் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். உயிர் பிழைத்துக்கொண்டாள். இடது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஏட்டு, வண்டியில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். தகப்பனார் பதினொன்று என்றார், மாமன்காரர் பதிமூன்று என்றார், நான் தெரியாது என்றேன். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆடு ஏத்திக்கினு போறவன்கூட எத்தினி ஆடுன்னு சொல்றான்யா."

ஏற்றியவரும் ஓட்டியவரும்

என் மேல் போட்ட கேஸ் திண்டிவனம் கோர்ட்டில் நடந்தது. டிக்கியைத் திறந்தது நானில்லை, பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்ததும் நானில்லை என்று தைரியமாகத்தான் கூண்டில் ஏறினேன். தகப்பனாரை விசாரித்தார்கள். "டிரைவரு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறக்கியிருப்பேங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரிய வேண்டுமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது தெரிந்துதானே வண்டியை எடுத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசல் வழியாகப் பார்த்தேன், வெளியே பெஞ்சில் தலையில் கட்டோடு செல்வி உட்கார்ந்திருந்தாள். யாரோ இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் லைசென்ஸ் போயிற்று. தீர்ப்பைச் சொல்வதற்கு முன் அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "வேண்டாம்னு சொல்லக் குழந்தைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

சீட் சந்தில் ஒரு கை

லைசென்ஸ் திரும்பி வந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டில் நர்ஸாக இருந்த ஓர் அம்மாளை விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தேன். கூடவே மூன்று வயசுப் பையன். பின் சீட்டில் உட்கார்ந்ததும் சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினார். காசு ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "பெல்ட்டுங்க, புள்ளைக்கு" என்றார்.

அந்தச் சந்தில் மல்லாட்டைத் தோலும் தலைப்பின்னும் தவிர ஒன்றும் கிடையாது. பெல்ட் என்றால் கால்சட்டைக்குப் போடுவது என்பதுதான் எங்கள் ஸ்டாண்டுக்குத் தெரியும். அங்கே பிள்ளையைக் காரில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வைப்பார்கள் என்று சொன்னார். போடாவிட்டால் அம்மாவைப் பிடிப்பார்களா, அப்பாவைப் பிடிப்பார்களா என்று கேட்டேன். கோர்ட்டில் நான் கேட்ட கேள்விதான், வார்த்தைதான் வேறு. அவர் பையனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் டிரைவரத்தாங்க புடிப்பாங்க."

கட்டில் நாடா

மறுவாரமே விழுப்புரத்தில் சீட் தைக்கிற பாயிடம் போனேன். ஊரில் கிடைக்காததைக் கேட்கிறேனே என்று அவர் முதலில் சிரித்தார். பிறகு அவரே கட்டில் நாடாவை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்து, பழைய பட்டாளத்துப் பையிலிருந்து கொக்கி எடுத்து மாட்டி, வண்டித் தரையில் போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். பின் சீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று. அன்றைக்கே எனக்கு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளை எண்ணுவேன், மூன்றுக்கு மேல் ஏற்ற மாட்டேன்.

வந்தது பாருங்கள் பேஜாரு. ஒரு வீட்டில், பாடையில் கட்டுகிற மாதிரி பிள்ளையைக் கட்டுகிறாயே என்று தண்ணீர் தெளித்து வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டாண்டில் பக்கத்து வண்டி கோவிந்தன் ஒரு படி மேலே போய், என் வண்டியில் ஏறினால் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று சவாரிக்காரர்களிடமே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரே ஒருவர்தான் மறுபேச்சுப் பேசவில்லை. மரக்காணம் பக்கம் கட்டுமரத்தில் கடல் தொழில் செய்கிறவர், மகளை ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தவர். நாடாவைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார், கட்டுமரத்து முடிச்சு மாதிரியே தளராமல் நிற்கிறது என்று திருப்தியோடு தலையாட்டினார். "காத்து மாறிச்சுன்னா நாங்களே கட்டைல எங்கள கட்டிக்குவோம், இதுல இன்னா வெக்கம்?"

தங்கையின் பிள்ளைகள்

ஒலக்கூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை, கடைசிப் பையனுக்கு மொட்டை போட செஞ்சிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று என் வண்டியைத்தான் கேட்டாள். தாய்மாமன் மடியில்தான் மொட்டை. புதுத் துண்டு, புதுச் சட்டையோடு போய் நின்றேன். அவள் பிள்ளைகள், ஓரகத்தி பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் எல்லாரும் மாமா, மாமா என்று என் காலைச் சுற்றினார்கள். நான் விரல் நீட்டி எண்ணினேன். ஏழு. மூன்று நடையாக அடிக்கிறேன், யாரையும் விடவில்லை என்று கெஞ்சினேன். முகூர்த்த நேரம் தப்பிவிடும் என்றார் மாப்பிள்ளை.

நடு வீட்டில் எல்லாரும் என் விரலையே பார்த்தார்கள். தங்கை என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, எதுக்கு எண்ணினே என்று அத்தனை பேர் முன்னாலேயே கேட்டாள். அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். கடைசிப் பையனை என் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் புடவையால் மூடிக்கொண்டாள். நான் கையில் வைத்திருந்த புதுத் துண்டை யாரும் வாங்கவில்லை. வேறு மாமன் முறைக்காரர் மடியில் மொட்டை போட்டுக்கொள்கிறோம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். படியிறங்கும்போது தங்கை சொன்னாள்: "உன் வண்டியில ஒரு புள்ள விழுந்ததுக்கு, என் புள்ளைங்கள எண்ணிட்டியே அண்ணா."

அந்தப் பஸ்ஸுக்குச் சட்டப்படி நான் பொறுப்பில்லைதான், ஆனாலும் சாயங்காலம் அவர்கள் திரும்பும் பஸ் திண்டிவனத்தில் வந்து நிற்கும்வரை ஒரு சவாரிக்கும் போகாமல் பஸ் ஸ்டாண்டுத் தூணுக்குப் பின்னால் நின்று, இறங்கின தலைகள் ஏழும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.