நாஸ்திகி கட்டிய பொங்காலை அடுப்பு

இருபத்திரண்டு வயதில், ராத்திரி சாப்பாட்டின்போது, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொன்னேன். அப்பா தலையை நிமிர்த்தாமல் மோர் வேண்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரமனையில் எங்கள் தெருவில் அதை யாரும் காதில் வாங்கியதே கிடையாது.

வாங்காமல் இருக்க அவர்களுக்கு நூறு வழி தெரியும். கல்யாணம் அமையாத கோபம் என்றார்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவளுக்குப் புத்தி அப்படித்தான் போகும் என்றார்கள். இந்த ஊரில் கடவுள் இல்லை என்று ஒருத்தி சொன்னால், அடுத்த கேள்வி எந்தக் கட்சி என்பதுதான். நான் எந்தக் கொடியையும் பிடித்ததில்லை. எனக்கு வேண்டாததைக் கோயிலில் விட்டுவிட்டு வந்து கட்சி ஆபீசில் தேடுவானேன்?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் தாங்கவே முடியாதது பாராட்டு. பக்கத்து வீட்டில் யாருக்காவது சுரம் என்றால் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். உடனே, "வாய்தான் அப்படி, மனசு பூரா பக்திதான்" என்பார்கள். நான் தூக்கம் கெட்டுச் செய்ததைப் பிடுங்கி, செய்யாத ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

இந்த விஷயத்தில் எல்லாரையும் மிஞ்சியவள் என் அம்மா. மாசியில், இங்கத்துக் கணக்குக்குக் கும்ப மாதத்தில், பகவதிக்குப் பொங்காலை இடும் நாளில் இந்த நகரத்துப் பெண்கள் அத்தனை பேரும், வெளியூரிலிருந்து வந்தவர்களும், தெருத்தெருவாகச் செங்கல் அடுப்பு வைத்துப் பாயசம் பொங்குவார்கள். கோயில் அடுப்பில் மூட்டிய தீ, ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குக் கைமாறிக் கைமாறி எங்கள் தெரு வரைக்கும் வரும். அம்மா வாசலில் பானையோடு உட்கார்ந்திருப்பாள். நான் ஏன் உட்காரவில்லை என்று கேட்பவர்களிடம் எனக்கு டியூட்டி என்பாள், இல்லாவிட்டால் வீட்டுக்கு விலக்கு என்பாள். எனக்கு எல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆன பிறகும் அதையே சொன்னாள். கேட்டவர்களும் நம்பினார்கள்.

போன வருஷம் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நடக்கிறாள், ஆனால் குனியவும் தரையில் உட்காரவும் கூடாது. பொங்காலைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"நீ ஒண்ணும் விஸ்வசிக்கண்டாம்டி. எனக்குப் பதிலா அடுப்புக்கு முன்னால கரண்டியப் பிடிச்சுண்டு நின்னா மதி, அது போறும்."

நின்றிருக்கலாம். என்ன குறைந்துவிடப் போகிறது என்று நீங்களும் கேட்பீர்கள். தெரு பூராவும் கேட்டது. ஆனால் நான் அங்கே நின்றால், கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எல்லாரையும் விட அதிகமாக அம்மா பூரித்துப் போவாள். பொய்யைச் சொல்லி அந்தப் பூரிப்பைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன வேலை வேண்டுமானாலும் செய்கிறேன், பொங்காலை மட்டும் என் கையால் இல்லை என்றேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து ஒரு வருஷம் கூடப் பொங்காலை தவறாதவள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. வெளியே வந்தபோதும் என் பதில் அதேதான்.

மூன்றாம் நாள் லேபில் உயரமான மேஜை முன்னால் வேலை செய்துகொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. அம்மாவால் அடுப்புக்குக் குனிய முடியாவிட்டால், அடுப்பை அம்மா கைக்கு எட்டும்படி உயர்த்திவிட்டால் போயிற்று. கொல்லைச் சுவர் கட்டி மிஞ்சிய சிமென்ட் கற்களை வாசலுக்குச் சுமந்து வந்து, மேடை மாதிரி அடுக்கி, மேலே மணலைக் கொட்டி, மூன்று செங்கல் வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன். அவள் கையை நீட்டி ஒரு செங்கலை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

பொங்காலையன்று விடியும் முன்பே தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வாசலில் வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மூன்று பெண்கள் அடுப்பு வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் குழாயையும் கழிப்பறையையும் காட்டினேன், அம்மாவின் பானையில் தண்ணீர் ஊற்றினேன், அரிசி களைந்து கொடுத்தேன். எதிர்வீட்டு மாமி என் மேடையைப் பார்த்து, பொங்காலை அடுப்பு தரையில்தான் இருக்க வேண்டும் என்று முகம் சுளித்தாள். பத்தரை மணி வாக்கில் தீ எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எரிகிற தென்னம்பாளையைக் கையில் பிடித்துக்கொண்டு அதே மாமி அம்மாவிடம் வந்தாள். இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவும் இவளாக்கும் செஞ்சா, கேட்டேளா? வாயால இல்லேங்கறா. நம்ம எல்லாரையும் விட இவளுக்குத்தான் பக்தி," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"இல்லை மாமி," என்றேன். "இது அம்மாவுக்காகக் கட்டினது. பகவதிக்காக இல்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது."

வித்துராக்காரிகள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமி அம்மாவைப் பார்த்தாள். இந்த இடத்தில் அம்மா சிரித்துக்கொண்டு, அவள் தமாஷ் பண்ணுகிறாள் என்று சொல்வது வழக்கம். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன், பதிலுக்குச் சண்டை போட.

அம்மா சிரிக்கவில்லை.

"அவ நெஜந்தான் சொல்றா. அவளுக்கு ஸ்வாமி கிடையாது," என்றாள். பானையைச் செங்கல் மேல் நேராக நகர்த்தினாள். "எனக்கு அப்புறம் இந்த வாசல்ல பொங்காலை இருக்காது. அது தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க தீயைத் தாங்கோ."

முப்பது வருஷமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டதும், நான் இடுகிறேன் அம்மா, உனக்கு அப்புறமும் இடுகிறேன் என்று சொல்லிவிடத் துடித்தேன். நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. அம்மா தீயை வாங்க முன்னால் சாய்ந்தபோது நாற்காலி வழுக்கியது. பின்னாலிருந்து இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.