சுவருக்கு அப்பால் பாடிய ரேடியோ

குற்றாலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கம்பவுண்டர் குடியிருந்தார். நெட்டையான ஆள், எதையாவது கழற்றிப் பழுதுபார்ப்பதில் பிரியம்; காதில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அவருடைய பழைய ரேடியோ, வீட்டில் ஆள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

தென்காசியில் நான் வாங்கிய புது ரேடியோவோ, உறை போட்டுப் பொத்தி வைத்தும் முதல் சாரல் காலத்திலேயே ஈரம் ஏறி ஊமையாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பழைய சாமானின் உரமே தனி என்று நினைத்து, மாற்றிக்கொள்வோமா என்று அவரிடம் கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஆனா நிப்பாட்டிராதிய. சூட்டுல ஈரம் அண்டாது," என்றார்.

என் ரேடியோவைக் கழற்றி, காயவைத்து, மாட்டி, ஓயாமல் ஓடவிட்டார். நான் அவருடையதை நிறுத்தி, அதற்கும் ஓர் உறை தைத்துப் போட்டேன்.

அடுத்த சாரலில் அதுவும் ஊமையானது. சுவருக்கு அப்பால் என் ரேடியோ கணீரென்று பாடியது. பாவம், எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார், அந்த மனுஷன்.