அளவுக்கு என் தலை

கம்பளி நூல் உருண்டையைச் சுற்றி வரும் காகிதப் பட்டைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் நிறத்தின் எண் ஒன்றுதான். ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூல் தொகுதிக்கு, அதாவது லாட்டுக்கு, இடும் எண் மட்டும் வேறு. தேதி எதிலும் இல்லை. ஒரு பட்டையின் பின்புறம் என் பெயரையும் நான்காம் வகுப்பு என்பதையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மற்றதில் ஐந்தாம் வகுப்பு. ஆகவே நூல் இரண்டு முறை வாங்கப்பட்டது, இடையில் ஓர் ஆண்டு போயிருக்கிறது என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்லலாம். மீதி எல்லாம் நினைவுதான்.

அத்தை, அப்பாவின் தங்கை, நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழையோடு பொள்ளாச்சியிலிருந்து நீலகிரியில் எங்கள் ஊரான மஞ்சூருக்கு வந்தாள். ஒரே ஒரு பெட்டி. “அத்தைக்கு ஒடம்பு முடியல, மலைக்காத்து நல்லது” என்றாள் அம்மா. அந்த மலைக்காற்று எனக்கு ஜலதோஷத்தைத் தவிர எதையும் கொடுத்ததில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் மனத்தாங்கல், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு முடியும்வரை அத்தை இங்கேதான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய மகள் பொள்ளாச்சியிலேயே மாமாவோடு இருந்தாள். என்னைவிடச் சில வாரங்கள்தான் இளையவள்.

அப்பாவுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கடையிலிருந்து மாமாவுக்குப் போன் செய்வார். பிள்ளையை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள் என்பார். பதில் எப்போதும் ஒன்றுதான்: “மலைக் குளிரு புள்ளைக்கு ஆகாதுங்க மச்சான். மூச்சு இழுக்கும்.” அது சாக்கு மட்டுமாக இருந்திருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவளுக்கு உண்மையிலேயே மூச்சிழுப்பு இருந்தது.

அத்தை அந்தப் பதிலுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. குன்னூருக்குப் போய் மெரூன் நிற நூலும் நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்றும் வாங்கி வந்தாள். காது, கழுத்து, நெஞ்சு மூன்றையும் ஒருசேர மூடும் குல்லா வைத்த மப்ளர் பின்னப்போவதாக அம்மாவிடம் சொன்னாள். அதைப் போட்டுக்கொண்டால் குளிர் எந்த வழியாக உள்ளே போகும் என்று மாமாதான் காட்ட வேண்டும். அது யாருக்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

எனக்குத் தெரியாததற்குக் காரணம் இருந்தது. அளவு எடுத்தது என் தலையில். கடைவீதித் தையல்காரர் யாருக்கு அளவு எடுக்கிறாரோ துணி அவருக்கு என்பது நான் அறிந்த உலக நியதி. அதனால் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூட நாட்களில் அத்தை பழகியது வெள்ளை நூலில் மேசை விரிப்புப் பின்னுவது. கம்பளி அவளுக்குப் புதிது. முதலில் சங்கிலிபோல ஒரு வரிசை போட்டு, அதன்மேல் வரிசை வரிசையாக ஏற்றி, அகலமான ஒரு துண்டு பின்னினாள். அதை நடுவில் மடித்து ஒரு பக்கத்தின் மேற்பகுதியை மட்டும் இணைத்தபோது குல்லா வந்தது. இரண்டு பக்கமும் கீழே நீளும் பட்டைகள் நெஞ்சில் குறுக்காகப் போய் முதுகில் முடிய வேண்டும். நான் பள்ளியிலிருந்து வந்ததும், காப்பி குடிக்கும் முன்பே, அடுப்பங்கரையில் அவள் முன்னால் நிற்க வேண்டும்.

“சித்தெ தலைய ஆட்டாம நில்லு அம்மிணி.”

“குத்துது அத்தை.”

“குத்துனாத்தான் கதகதப்பு. காது மூடுதா? நான் பேசறது கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப இன்னும் நெருக்கமாப் போடோணும்.”

குல்லாவை மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டிய பிறகு, இரண்டு கைகளையும் என் கன்னங்களின் மேல் வைத்துக்கொள்வாள். அப்படியே சிறிது நேரம் பார்ப்பாள். பின்னலில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்து, நானும் பிழையைப்போல அசையாமல் நிற்பேன். அவள் கைகளில் விறகுப் புகையும் கம்பளியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அந்த வாசனையை வேறு எங்கும், எந்தக் கையிலும், பிற்பாடு நான் கண்டதில்லை.

பொங்கலுக்கு முன்பே குல்லா முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு அத்தை மகள் வரவில்லை. முழுப்பரீட்சை விடுமுறைக்கும் வரவில்லை. அடுத்த குளிருக்குள் என் தலை வளர்ந்திருந்தது. மாட்டிப் பார்த்தபோது குல்லா நெற்றியிலேயே நின்றது. அத்தை சிரித்தாள். “அங்கயும் இத்தன வளந்திருக்கும்” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பொள்ளாச்சியில் குல்லாக்கள் வளர்கின்றன என்று எண்ணியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

குரோஷாப் பின்னலில், கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் முழுக்கப் பிரிந்து வந்துவிடும். அத்தை இழுக்க, நான் இரண்டு கைகளையும் விரித்து நிற்க, நூல் என் கைகளில் சுற்றிக்கொண்டு வந்தது. பிரித்த நூல் சுருட்டை சுருட்டையாக இருக்கும். அதை நனைத்து, கனத்துக்கு ஒரு பூட்டைக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் நேராகும். மஞ்சூர் மூடுபனியில் அது காய ஒரு வாரம் ஆயிற்று. தலையில் ஈர நூல் படாமல் யாராலும் சமைக்க முடியவில்லை.

“இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் பின்னுனா நூலே தேஞ்சுபோயிருமுங்க” என்றாள் அம்மா.

“தேஞ்சா தேயட்டுமுங்க அண்ணி. வேற வாங்கிக்கலாம்.”

அளவு கூடியதால் நூல் போதவில்லை. வேறுதான் வாங்கினார்கள். அந்த நூலைச் சுற்றி வந்ததுதான் என்னிடமுள்ள இரண்டாவது காகிதப் பட்டை. புது லாட்டின் மெரூன் ஒரு துளி பழுப்பேறியிருந்தது. உச்சியில் இரண்டும் சேருமிடம் கோடாகத் தெரிந்தது. “யாருக்கும் தெரியாது” என்றாள் அத்தை. பார்த்த எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மே மாதம், ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறத் தொடங்கிய சமயத்தில், மாமா உறவுக் கல்யாணம் ஒன்றுக்காகக் குன்னூர் வந்தார். மகளும் கூட வந்திருக்கிறாள், ஒரு மதியம் மஞ்சூர் வந்து போகிறோம் என்று அப்பாவுக்குப் போன் வந்தது. குளிர் ஒத்துக்கொள்கிறதா பார்க்கலாம், ஒத்துக்கொண்டால் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னாராம். அத்தை அன்று காலையிலேயே குல்லாவைத் துணிப்பையில் வைத்து, பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு சமைத்தாள்.

நாங்கள் மூவரும், அப்பாவும் அத்தையும் நானும், பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மூடுபனியில் முதலில் பஸ்ஸின் ஹாரன் வந்தது, பிறகு விளக்கு, பிறகு பஸ். மாமா இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் அத்தை மகள் இறங்கினாள். தலையில் புத்தம் புதிய மங்கி குல்லா. நீலம். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன.

அத்தையின் கை பைக்குள் போயிருந்தது. அங்கேயே நின்றது.

“நேத்துத்தான் வாங்குனேன்” என்றார் மாமா, அத்தையைப் பார்க்காமல் அப்பாவிடம். “குளிரு உள்ள போகாதுன்னு கடக்காரன் சொன்னானுங்க. ஆனாப் பாருங்க மச்சான், பஸ்ஸுலயே ரெண்டு தடவ இருமிப்போட்டா.”

அவர் குரலில் பெருமையும் பயமும் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவற்றில் அக்கறை இல்லை. எனக்குக் குளிர்ந்தது. ஒருத்தி தலையில் குல்லாவோடு நிற்கும்போது என் குல்லா பைக்குள் கிடப்பது நியாயமாகப் படவில்லை. “அத்தை, குல்லா” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். அதை வெளியே எடுத்து என் தலையில் மாட்டினாள். பட்டைகளை நெஞ்சில் குறுக்கே இழுத்து முதுகில் கட்டினாள். அன்று என் கன்னங்களில் கை வைக்கவில்லை.

“அம்மிணிக்குப் பின்னுனது” என்றாள் மாமாவிடம்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஊட்டுக்குப் போலாம், சோறு ஆறுது” என்றார்.

வீட்டுக்கு நடந்தபோது பெரியவர்கள் முன்னே போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால். அத்தை மகள் என் மப்ளரின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். விரலால் கண்ணிகளைத் தடவினாள்.

“இத எங்கம்மாவா பின்னுனாங்க?”

“ஆமா. எனக்குத்தான். ரெண்டு வருசமா” என்றேன்.

அவள் ஓரத்தை விடவில்லை. வீடு வரும்வரை பிடித்துக்கொண்டே வந்தாள். என்மேல் பிரியம் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

சாப்பிடும்போது அவள் மறுபடி இருமினாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வாரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். வாசலில் அத்தை குனிந்து மகளின் நீலக் குல்லாவை நெற்றிக்கு மேலே சற்றுத் தளர்த்திவிட்டாள். இறுக்கத்தில் அங்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் இரண்டு தடவை நீவினாள். “பெரிய சைஸா வாங்கிக் குடுங்க” என்று மாமாவிடம் சொன்னாள். வந்ததிலிருந்து அவரிடம் அவள் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. மாமா தலையாட்டினார்.

அடுத்த தை மாதம் பேச்சு எப்படியோ முடிந்து அத்தை பொள்ளாச்சிக்குத் திரும்பினாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் மட்டும் பள்ளியிலிருந்து வந்ததும் சில நாட்கள் அடுப்பங்கரையில் போய் நின்றேன். “என்ன, காப்பி வேணுமா?” என்றாள் அம்மா. என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றும் குளிர் தொடங்கும் மாதத்தில் யாராவது என் முகத்தைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டால் தேவலை என்று இருக்கிறது.

அத்தை சென்ற ஆண்டு காலமானாள். காரியம் முடிந்த அன்று அவளுடைய மகள், இப்போது என்னைப் போலவே நடுவயதுக்காரி, கூடத்தில் பாய் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “எங்கம்மாவுக்குக் கம்பளி பின்னத் தெரியும்னே இங்க ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் ஒண்ணு பின்னிக் குடுத்தாங்க, இல்ல?”

“ஆமா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பாயை எடுத்தாள்.

அந்தக் குல்லா யாருக்காகப் பின்னப்பட்டது என்பதை அத்தை அவளிடம் எப்போதாவது சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்று நான் எண்ணக்கூடிய அப்பா, அம்மா, மாமா மூவரும் இப்போது இல்லை. அவளிடமே கேட்கலாம், ஆனால் கேட்பதே சொல்வதாகிவிடும். ஆகவே இந்த ஒரு தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.