ஒன்பதாம் அறையின் மூச்சு

நாலு பேர் முன்னால் எனக்கு வாயே திறக்காது. கதை கட்டவும் தெரியாது. நடந்ததை, நடந்த நேரத்தோடு எழுதுகிறேன்.

மலையைக் குடைந்து புத்த பிக்குகள் தங்கிய பழைய குகை அது. நடுவில் வழிபாட்டுக் கூடம். சுற்றிலும் ஒன்பது சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் கல்லிலேயே வெட்டிய படுக்கை. பார்வையாளர்களின் மூச்சுக்காற்று சுவர் ஓவியங்களைக் கெடுக்கிறதா என்று அளப்பது என் வேலை. அங்கே காவலாளி என் அக்காவின் கணவர்.

அன்று குகைக்கு விடுமுறை. பகல் 2:10. அத்தான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வாசலின் இரும்புக் கதவைத் திறந்தார்.

"என்ன சயின்டிஸ்ட்டு, குகைக்கு ஜுரமா?"

"மூச்சு பாக்கணும் அத்தான்."

"பாறைக்கு ஏதும்மா மூச்சு?"

ஒன்பதாம் அறையில் கருவியை வைத்தேன். வெளியே காற்றில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 420 பங்கு. உள்ளே இருந்தது நான் ஒருத்திதான். ஐந்நூறைத் தாண்டக் கூடாது.

2:21. தொள்ளாயிரம்.

2:24. இரண்டாயிரத்து முந்நூறு.

வேறு கருவி வைத்தேன். இன்னும் ஏறியது. இருபது பேராவது நெருக்கியடித்து நின்று மூச்சுவிட்டால்தான் அந்த எண் வரும்.

என் பின்கழுத்தில் சூடாக, ஈரமாக ஏதோ பட்டது...

"அத்தான்!"

சிரித்துக்கொண்டே வந்தார். "வௌவாலுக்கா பயந்தே?" உள்ளே கால் வைத்தார். 2:27.

டக்.

அவர் தலை சுவரில் மோதியது. பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடியும்... டக். முடியைப் பிடித்து இழுத்து இழுத்து அடிப்பது போல. கல்லில் ரத்தம் வழிந்தது.

நான் ஓடிவிட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை. பாதிக் கூடம் தாண்டியதும் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

அத்தான் மண்டியிட்டுக் கிடந்தார்.

"சாவி... சாவி கேக்குறாங்க..."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் தோளில் ஓர் உதை. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன்.

"எடுத்துக்கங்க! அவர விடுங்க!"

அது தரையில் விழும் சத்தம்... கேட்கவில்லை.

அடி நின்றது.

2:31.

420.

பதினாறு தையலோடு அத்தான் பிழைத்தார். வேலையை விட்டுவிட்டார். சாவிக்கொத்து இதுவரை கிடைக்கவில்லை.

போன மாதம், குகையை அளந்து வரைந்த பொறியாளர் வரைபடத்தைக் காட்டினார். அறைகளின் மரக்கதவுகள் எப்போதோ மக்கிப் போய்விட்டன. தாழ்ப்பாள் போட்ட துளைகள் மட்டும் கல்லில் மிச்சம். எட்டு அறைகளுக்கு அவை உள்பக்கம் இருக்கின்றன.

ஒன்பதாம் அறைக்கு மட்டும் வெளிப்பக்கம்.