சித்தப்பா பிராசசர் மாற்றிய வெள்ளிக்கிழமை

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் ஒரு முந்தானையைத் திறப்பதற்குள் அம்மா சோறு வடித்து இறக்கிவிடுவார். எங்கள் வீட்டில் எல்லாரும் தறியில் உட்கார்கிறவர்கள். சித்தப்பா மட்டும் ராசிபுரத்தில் போய்க் கற்றுக்கொண்டு வந்து, பட்டுச்சேலைக்கு வேண்டிய மயில், மாங்காய் எல்லாம் அந்தப் பெட்டியில் கட்டம் கட்டமாக வரைவார். பெட்டி பழையது. சின்னக் கரை என்றால் தாங்கும். அகலமான முந்தானை என்றால் பாதி மயிலோடு நின்றுவிடும்.

அப்பாவுக்கு அந்தப் பெட்டியே பிடிக்காது. மாமா ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வைத்திருந்தார். வடக்கே போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்பாத வண்டி.

"பொம்ம வரஞ்சது போதும்டா. பெரிய முந்தானை வேலை இருக்குதுன்னு மொதலாளி வெள்ளிக்கிழமை வாராரு. அவரு ஒத்துக்கிட்டா இரு, இல்லீன்னா மாமன் வண்டியில ஏறு" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

சித்தப்பா சேலம் போய் வேறொரு பிராசசர் வாங்கி வந்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு மூளையே இதுதான் என்றார். அதன் மேல் உட்கார ஒரு ஃபேனும் வந்தது. மூளையின் சூட்டை ஃபேன் இழுத்துக்கொள்வதற்காக, ஃபேனின் அடியில் சாம்பல் நிறப் பசையைக் கடைக்காரரே தடவிக் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பழையதைக் கழற்றிப் புதியதைப் பதித்துவிட்டு, தூசிக் கையைக் கழுவ சித்தப்பா வெளியே போனார். சித்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் ஓட விடமாட்டோம், மிக்சியானாலும் சரி. சித்தி அந்த வருஷம்தான் கெங்கவல்லியிலிருந்து கல்யாணமாகி வந்திருந்தாள். அவள் வந்த பிறகு தறியில் பாவு நூல் ஓர் இழை அறுந்தாலும் "வந்தவ ராசி" என்று அம்மா முணுமுணுப்பார். அதனால் சாமி காரியத்தில் அவள் எதையும் விடமாட்டாள்.

"புதுசு வாங்கியாந்து இப்படியா அழுக்கோட வெப்பாங்க, பாரு கண்ணு!"

இன்னும் மாட்டாமல் கிடந்த ஃபேனைத் திருப்பி, சேலைத் தலைப்பால் பளபளவென்று துடைத்தாள். அதே இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். கிண்ணம் என் கையில் இருந்தது.

"உங்க சித்தப்பா இங்கியே இருக்கணும்னு நீயும் வேண்டிக்கோ" என்றாள். வேண்டிக்கொண்டேன்.

சித்தப்பா வந்து ஃபேனைத் தூக்கி, அடியைப் பார்க்காமலே வைத்து மாட்டினார்.

முதலாளி வந்தார். மயில் தோகையோடு சட்டென்று வந்து நின்றது. அப்பாகூடக் குனிந்து பார்த்தார். அப்புறம் திரை கறுத்தது. சித்தப்பா மறுபடி போட்டார். மயிலின் கழுத்து வந்தது, கறுத்தது.

"உன்ற பொட்டிக்கு அடிக்கடி மயக்கம் வருதப்பா. புதுச்சத்திரத்துல ஒரு பையன் இருக்கறான், அவங்கிட்டயே குடுத்துக்கறேன்" என்று முதலாளி எழுந்துவிட்டார். அப்பா அவரை வழியனுப்பத் தெருவரை போனார்.

சித்தப்பா ஃபேனைக் கழற்றினார். சந்தனம் அப்பளம் போல் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவர் நகத்தால் சுரண்டி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்னடா ஆச்சு?" என்று அப்பா திரும்பி வந்தார்.

"நாந்தாங்ண்ணா... பசை தடவோணும். மறந்துட்டேன்."

"காலைலயே எவ மொகத்துல முழிச்சானோ" என்றார் அம்மா, சமையலறைக்குக் கேட்கும்படி.

"அதெல்லாம் இல்லீங்க அண்ணி. என்ற தப்பு."

"மறந்துட்டானாமா! துணிமணிய எடுத்து வெய்யி" என்றார் அப்பா.

எனக்கு ஒரே கோபம். பொட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா விட்டிருப்பார். போக வேண்டும் என்று இவருக்கே ஆசை, அதனால்தான் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போர் வண்டி வந்து நின்றபோது என்னைக் கூப்பிட்டார். நான் வெளியே வரவில்லை. அவர் அப்படிச் சொன்னது எதற்காக என்று விளங்க, எனக்கே கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது.

வண்டி போன பிறகு சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு எதையும் மறக்கற ஆளில்லியே கண்ணு. நாம தொடச்சமே, அதுவா இருக்குமோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தி. அவருதான் மறந்துட்டாரு" என்றேன் வீம்பாக.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போட எழுந்தாள். சித்தப்பாவை நன்றாகப் பழிவாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.