அறுத்துத்தான் கொடுப்பேன்

செஞ்சி பஜாரில் கடல் மீன் விற்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பிறந்த வீடு மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்தில். விடிந்ததும் அங்கே கரையில் ஏலம் நடக்கும். இறாலும் கணவாயும் ஏற்றுமதி கம்பெனி வண்டியில் ஏறிவிடும். பெரிய வஞ்சிரத்தில் பாதியைச் சென்னை வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போவார்கள். பொடிமீன் கோழித்தீவனத்துக்கு. மிஞ்சுவது ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி என்னிடம் வரும். அதற்கும் பேரம் பேசுவார்கள், கடல் என்னமோ என் வீட்டுக் கிணறு மாதிரி.

போன வருஷம் தடைக்காலம் முடிந்த கையோடு, முதல் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று காற்றைக்கூடப் பார்க்காமல் படகுகள் கிளம்பின. ஒன்று திரும்பவில்லை. அதில் என் தம்பி இருந்தான். உடைந்த பலகை கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

செய்தி செஞ்சி வரைக்கும் வந்தது. ஒரு வாரம் யாரும் கடல் மீனைத் தொடவில்லை. கரையில் வஞ்சிரம் மத்தி விலைக்குப் போனதாம். "ஆளத் தின்ன மீனா இருக்கும், வேணாம்மா" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். பாவம், அவளுக்குத் தெரியாது. அப்புறம் ஊர் மறந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. எனக்குத்தான் அந்த வார்த்தை போகவில்லை.

அன்றிலிருந்து பெரிய மீன் எதையும் அறுக்காமல் கொடுப்பதில்லை. தம்பி இடுப்பில் அம்மா போட்ட வெள்ளி அரைஞாண் கிடந்தது. அது ஏதாவது மீன் வயிற்றில் கிடைத்தால் அழுது தீர்த்துவிட்டுக் காரியத்தைச் செய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் கத்தி உள்ளே இறங்கும்போது பயமாக இருக்கும். மீனின் கண்ணைப் பார்க்க மாட்டேன். எதையோ பார்த்துவிட்டு வந்த கண் அது. வீட்டில் மீன் சமைப்பதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் வேலை வெட்டியை விட்டு ராஜகிரிக் கோட்டை உச்சி வரை ஏறிப் பார்த்தேன், கடல் தெரியுமா என்று. பாறையும் வயலும்தான் தெரிந்தன.

அம்மா காரியம் செய்யவே விடவில்லை. ஆனால் மதியமானால் போன் வந்துவிடும்: என்ன மீன் வந்தது, அறுத்தாயா, உள்ளே என்ன இருந்தது. அவளும் என்னைப் போலத்தான் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இரும்புக்கடை பாய் தன் வீட்டு விசேஷத்துக்கு முழு வஞ்சிரம் கேட்டார். சமையல்காரரே அறுத்துக்கொள்வாராம். விலையைக் குறைத்துக்கொள்கிறேன், அறுத்துத்தான் கொடுப்பேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கீறினேன். பாதி கரைந்த மத்தி இருந்தது, வேறொன்றும் இல்லை.

மதியம் அம்மாவிடம் அதையே சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அப்ப எம்புள்ள எங்கியோ உசுரோட இருக்கான்" என்றாள். "நாளைக்கும் நல்லாப் பாரு."

சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் பெட்டி வந்தது. அந்த அரைஞாண் கிடைக்கக் கூடாது என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.