கடந்த ஏழு நாளில் நோவை எப்படிச் சமாளித்தீர்கள்?

ஜெர்மன்காரர் யோசித்த கேள்வியைத் தமிழில் கேட்டு, வருகிற பதிலுக்கு முழிப்பதுதான் என் தொழில். மாமியாரோடு டாக்டரிடம் போய் மொழிபெயர்த்த அனுபவம் உள்ள வாசகர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

சுவிஸில் பேர்ன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், வருடக்கணக்காக நோவோடு இருப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். கடந்த கிழமை ஓய்வெடுத்தீர்களா, உதவி கேட்டீர்களா, எத்தனை நாள் என்று கேள்விகள். சைபரிலிருந்து ஏழு வரை கட்டங்கள். துருக்கிய மொழியில் அதை ஆக்கியவள் என் சக ஊழியர் எலிஃப். தமிழ் என் தலையில் விழுந்தது. எழுதினால் மட்டும் போதாது. ஆட்களை இருத்தி, ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு என்ன விளங்கியது என்றும் கேட்க வேண்டும்.

நல்ல தமிழ்

முதலில் வந்தவர் ஓஸ்டர்முண்டிகன் ஊரிலிருந்து அண்ணை ஒருவர். ரெஸ்டோரண்ட் குசினியில் இருபது வருடம் பானை தூக்கியவர். நான் அகராதி பார்த்து, எல்லா இடத்திலும் 'வலி' என்று அழகாகப் போட்டிருந்தேன். அவர் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் சைபர் போட்டுவிட்டு, இடுப்புப் பக்கம் நாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வலி வாறது எங்கட சித்தப்பாவுக்கு, தங்கச்சி. நுரை தள்ளி விழுவார். எனக்கு நாரி நோ மட்டும்தான்."

ஓய்வு

ஆராவிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர் ஒருவர், 'வலி' எல்லாம் 'நோ' ஆன இரண்டாவது படிவத்தை நிரப்பினார். 'ஓய்வெடுத்தேன்' என்ற வரியில் பேனை நின்றுவிட்டது. அவருடைய இயலாமைக் காப்புறுதி விண்ணப்பம் ஒரு வருடமாக முடிவில்லாமல் கிடந்தது. இந்தத் தாள் காப்புறுதிக்காரரிடம் போகுமோ என்று மூன்று தரம் கேட்டார். போகாது, இதில் பெயரே இல்லை என்றேன். நம்பவில்லை. பிரிவு டாக்டரே வந்து சொன்னார். கட்டட வேலைக்காரர் தலையாட்டினார், ஆனாலும் எழுதவில்லை.

சரியான பதில், பிழையான பதில் என்று ஒன்றும் இல்லை என்று பயிற்சியில் சொல்லித்தந்ததை நானும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படாமல் கேட்டார்: "ஓய்வெடுத்தால் சோம்பேறி எண்டுவினம், எடுக்காட்டில் வருத்தமே இல்லை, சுகம் எண்டுவினம். நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி, எதைப் போட்டால் நான் வருத்தக்காரன்?"

கடவுள்

'பிரார்த்தித்தேன்' என்ற கேள்வி எலிஃபையும் படுத்தியிருக்கிறது. ஐந்து வேளை தொழுகிற ஒரு அம்மா, நோ இல்லாவிட்டால் தொழ மாட்டேன் என்று நினைத்தாயா என்று அவளைப் பிடித்துக்கொண்டாராம். அதனால் 'நோ குறைய வேண்டுமென்று' என்பதைச் சேர்த்தாள். நானும் அப்படியே சேர்த்தேன்.

சலவைப் பிரிவில் வேலை செய்யும் முழங்கால் நோவுள்ள அக்கா ஒருவர், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நிச்சயம் ஒரு நாளாவது போடுவார் என்று நினைத்தேன். சைபர். முழங்காலுக்காக ஒருக்காலும் கேட்டதில்லையா என்றேன். "மூத்தவளுக்கு வேலை, இளையவனுக்குப் பள்ளிக்கூடச் சோதினை, அவருக்குப் பிரஷர். என்ரை முழங்காலின்ரை முறை வர முன்னம் பூசை முடிஞ்சிடும்."

இரண்டு சைபர்

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்யும் தோள்நோக்கார அம்மா ஒருவர் கணவரோடு வந்தார். 'வீட்டில் உதவி கேட்டேன்' என்று வாசித்து முடிக்கவில்லை, கணவர் ஏழு என்றார். வெளியில் இருக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் இருக்கட்டும் என்று சொல்லி, அவருக்கு முன்னாலேயே அம்மா சைபர் போட்டார்.

கணவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கேட்கவில்லை என்றார், சின்னக் குரலில். நான் ஜன்னலைப் பார்த்தேன். "கேட்டால் செய்வியள் எண்டு தெரியும். கேளாமல் ஒருக்காச் செய்வியளோ எண்டு பதினொரு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

பதில்கள் நிலைக்கின்றனவா என்று பார்க்க, மூன்று கிழமை கழித்து அதே ஆளிடம் அதே படிவத்தைக் கொடுப்போம். அம்மா தனியாக வந்தார். அதே கேள்விக்கு அதே சைபர். ஆராய்ச்சிக்கு நல்லது, எனக்குத்தான் மனது கேட்கவில்லை. வீட்டில் ஒன்றும் மாறவில்லையா என்றேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இது வேற சைபர், பிள்ளை. கேக்கிற தேவை இல்லாமல் போச்சு."

மாதிரி

படிவம் நிரப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று அறிய, கடைசியில் நானே ஒன்றை நிரப்பினேன். பொய் சொல்லப் பஞ்சிப்பட்டு, சோம்பலில், என் கழுத்துநோவைப் பற்றி உள்ளதையே எழுதினேன். ஓய்வு சைபர், உதவி சைபர், 'பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தேன்' ஏழு. பெயர் இல்லாத அந்தத் தாள் மற்றத் தாள்களோடு டாக்டரிடம் போய்விட்டது.

அடுத்த நாள் டாக்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உண்மையாகவே கவலைப்பட்டார், பாவம். "இந்த நோயாளியை ஏன் இன்னும் என்னிடம் அனுப்பவில்லை?"

தமிழ்ப் படிவம் இப்போது அச்சாகிவிட்டது, எழுத்துப்பிழைகூட இல்லை. நிரப்புகிற எங்கட ஆட்கள்தான் இன்னும் கட்டத்துக்கு வெளியிலே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.